சீம்பாலும் குடல் நோயும்: செய்யார் வட்டாரத்தில் பச்சிளங்குழந்தை வளர்ப்பின் வரலாறு

பிறந்து 28 நாள் நிறையாத குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்று மருத்துவ நூல்கள் வரையறுக்கின்றன. அந்த நாட்களுக்குள் வயிறு உப்புவதும், குடித்த பாலைக் குழந்தை கக்குவதும், மலம் பச்சையாகவோ குருதி கலந்தோ கழிவதும், அதைத் தொடர்ந்து உடல் குளிர்ந்து துவள்வதும் ஆகிய நிலையைத் தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே செய்யார், ஆரணி, வந்தவாசி வட்டாரத்து வீடுகளும் நெடுங்காலமாக மாந்தம் என்ற ஒரே பெயரால் அறிந்திருந்தன. அந்த ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடந்தவை பல நோய்கள் என்பதும், அவற்றுள் சிலவற்றுக்கு நுண்ணுயிர்கள் காரணம் என்பதும், அந்த நுண்ணுயிர்களில் ஒன்று தாயின் உடலிலேயே வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடந்து பாலின் வழியாகக் குழந்தையை அடையக்கூடும் என்பதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயின. சைட்டோமெகலோவைரஸ் எனப்படும் அந்த நுண்ணுயிரைப் பற்றிய அறிவும், சீம்பாலைக் கறந்து கொட்டிவிடும் பழைய வழக்கமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இரண்டின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாற்றின் கரையில், வேதபுரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற திருவத்திபுரம் என்னும் பழைய திருவோத்தூரைத் தன்னுள் கொண்ட ஊர் செய்யார். பழைய வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், அம்மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலைப் பகுதியோடு சென்றது. அருகிலுள்ள ஆரணியின் பட்டு நெசவு, ஊர் எல்லையோடு நின்றுவிடாமல் சுற்றுவட்டாரக் கிராமங்களின் வீடுகளுக்குள்ளும் தறிகளாகப் பரவியிருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறை திருவண்ணாமலை மாவட்டத்தைச் சுகாதார நிருவாகத்திற்காக இரண்டாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றுக்குச் செய்யாரைத் தலைமையிடமாக்கியது. நெசவும் வேளாண்மையும் கலந்த ஒரு சிற்றூர்ப் பரப்பின் தாய்சேய் நலக் கணக்கு தனியே எழுதப்படும் இடமாக இவ்வூர் அமைந்தது இவ்வாறுதான்.

மாந்தத்தைப் பற்றிச் சித்த மருத்துவம் வைத்திருந்த கருத்து மேலோட்டமானது அன்று. பாலவாகடம் என்னும் குழந்தை மருத்துவ நூல் மரபு, குழந்தை நோய்களை அகக் காரணத்தால் வருபவை, புறக் காரணத்தால் வருபவை என்று இரண்டாக வகுத்து, மாந்தத்தை முதல் வகையில் வைத்து, பால் மாந்தம், செரியா மாந்தம் என்று பல உட்பிரிவுகளையும் கூறியது. தாய் உண்ணும் உணவின் குற்றம் பாலில் இறங்கும் என்பதும், அப்பாலைக் குடிக்கும் குழந்தையின் வயிறு மந்தமடையும் என்பதும் அம்மரபின் அடிப்படை நம்பிக்கைகள். அதனால்தான் குழந்தைக்கு நோய் வந்தால் தாய்க்குப் பத்தியம் விதிக்கப்பட்டது. தாயின் உடலில் உள்ள ஏதோ ஒன்று பாலின் வழியாகக் குழந்தைக்குச் செல்ல முடியும் என்ற ஊகம் இதில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஊகத்தை இன்றைய வைரசு அறிவின் முன்னறிவிப்பாகப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. மாந்தம் என்ற கருத்து தாயின் உணவைக் குற்றவாளியாக்கியது. வைரசு அறிவுக்கும் தாயின் உணவுக்கும் தொடர்பே இல்லை. குழந்தை இறந்தபின் தான் தின்ற ஒரு கவளத்தை எண்ணி ஆயுள் முழுதும் தன்னையே நொந்துகொண்ட தாய்மார்கள் எத்தனையோ பேர் என்பதை நினைக்கும்போது இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நூல் மரபைவிட வீட்டு வழக்கமே குழந்தையின் குடலை நேரடியாகத் தொட்டது. பிள்ளை பிறந்ததும் குணத்தில் நல்லவர் என்று மதிக்கப்பட்ட ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பதைச் சேனை வைத்தல் என்பார்கள். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில குடும்பங்களில் கழுதைப் பாலும், வயிற்றைச் சுத்தம் செய்வதற்காகச் சில சொட்டு விளக்கெண்ணெயும் கொடுக்கப்பட்டன. வசம்பைச் சுட்டும், கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய் முதலியவற்றை அவித்துக் காயவைத்தும், உரைகல்லில் இரண்டொரு சுற்று இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கும் உரைமருந்து பாட்டிமார்களின் தனிப் பொறுப்பாக இருந்தது. இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்த வழக்கம், பிள்ளை பெற்ற முதல் இரண்டு மூன்று நாட்கள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்டுப்போன பால் என்று கருதிக் கறந்து கொட்டியதாகும். குழந்தை கருப்பையை விட்டு வெளியே வந்து, நுண்ணுயிர் எதுவும் இன்னும் குடியேறாத குடலோடு இருக்கும் மணிநேரங்களில், நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்த பாலை விலக்கிவிட்டு, கிணற்று நீரும் விரலும் உரைகல்லும் தொட்ட பொருள்களை உள்ளே செலுத்தியது இவ்வழக்கம். அன்பினால் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பச்சிளங்குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு இதைவிட வசதியான வழி ஒன்றை அமைத்துக் கொடுப்பது கடினம்.

நெசவு வீடுகளின் நிலை இதில் சற்று வேறுபட்டுக் கவனிக்கத் தக்கது. கைத்தறி வீட்டுத் தொழில். கூடத்தில் குழித்தறி, அருகிலேயே தூளி. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலைகளாக இருந்தமையால், பிள்ளை பெற்றவள் விரைவில் வேலைக்குத் திரும்பினாலும் குழந்தையை விட்டு விலகிச் செல்லவில்லை. கூலி உழவுக்குப் போன தாய் காலையில் கொடுத்துவிட்டு மாலையில்தான் மீண்டும் பால் கொடுக்க முடிந்தது என்றால், தறி வீட்டுத் தாய்க்கு எழுந்து நான்கு அடி வைத்தால் போதும். பால் கொடுக்கும் இடைவெளி குறைவாக இருப்பது சுரப்பைக் காக்கும் என்பதால், வறுமையும் நெரிசலும் நிறைந்திருந்த அவ்வீடுகளில் குழந்தைக்கு வாய்த்த ஒரு நற்பேறாகவே இதைக் கொள்ள வேண்டும்.

மேலைமுறை மருத்துவம் இவ்வட்டாரத்துக்குள் ஆற்காடு மிஷன் வழியாக நுழைந்தது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அம்மிஷன் ஆரணியையும் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனையையும் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் பெண்களைக் காட்ட மறுத்த குடும்பங்களில் பிரசவத்தின்போது நேர்ந்த இறப்புகளைக் கண்டு மருத்துவம் படிக்கச் சென்ற ஐடா ஸ்கடர், 1900இல் வேலூரில் பெண்களுக்கான சிறிய மருந்தகத்தைத் திறந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. அந்நாளில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தது. பிரசவத்தில் தாயைக் காப்பதே முதற்கடமையாக இருந்த காலத்தில், குழந்தையின் குடலுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க எவருக்கும் நேரமோ கருவியோ இருக்கவில்லை.

அந்தப் பார்வை வேறொரு நாட்டில், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் உடலிலிருந்து தொடங்கிற்று. 1881இல் செருமானிய நோயியலாளர் ஹியூகோ ரிபெர்ட் அக்குழந்தையின் சிறுநீரகத்தில் இயல்புக்கு மீறிப் பருத்த செல்களைக் கண்டார். அவற்றின் கருவுக்குள் கரிய திரள் ஒன்றும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் இருந்தமையால் அவை பின்னாளில் ஆந்தைக்கண் செல்கள் எனப் பெயர் பெற்றன. ஏதோ ஒரு புரோட்டோசோவா ஒட்டுண்ணிதான் அது என்று சிலர் எண்ணினர். 1921இல் அமெரிக்காவின் குட்பாஸ்ச்சரும் டால்பட்டும், ஒட்டுண்ணி எதுவும் இல்லை, உடலின் சொந்தச் செல்களே இவ்வாறு வீங்கியிருக்கின்றன என்று காட்டி, அம்மாற்றத்துக்குச் சைட்டோமெகாலியா, அதாவது செல் பெருத்தல், என்று பெயரிட்டனர். செல்லைப் பெருக்கவைக்கும் காரணியைப் பிடிக்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. திசு வளர்ப்பு முறை கைவந்தபின், 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் செயின்ட் லூயிஸ் நகரின் மார்கரெட் ஸ்மித், பெதஸ்டாவின் வாலஸ் ரோ, பாஸ்டனின் தாமஸ் வெல்லர் ஆகிய மூவரும் தனித்தனியே அந்த வைரசைப் பிரித்தெடுத்தனர். போலியோ வைரசை நரம்பல்லாத திசுவில் வளர்த்துக் காட்டியதற்காக 1954இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான வெல்லரே இதற்குச் சைட்டோமெகலோவைரஸ் என்று பெயரும் வைத்தார். சின்னம்மை, அக்கி ஆகியவற்றை உண்டாக்கும் வைரசுகளின் குடும்பமான ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இது, ஒருமுறை உடலில் நுழைந்தால் நோயாக வெளிப்படாமலே வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். இந்தியாவில் வளர்ந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இதற்கு எதிர்ப்புப் பொருள் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

குடல் நோயின் வரலாறு இதற்கு இணையாக வேறு பாதையில் நடந்தது. குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் ஆற்றல் வளர்ந்தபோது, அவ்வாறு காப்பாற்றப்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வயிறு வீங்கிக் குடல் சுவர் அழுகிப்போகும் நோய் அடிக்கடி தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். 1953இல் ஷ்மிட், குவைசர் என்ற இருவர் இதற்கு நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ், அதாவது திசு மாண்டுபோகும் குடல் அழற்சி, என்று பெயர் கொடுத்தனர். 1960களில் நியூயார்க் மருத்துவர்கள் இதன் கூறுகளை விரிவாக விளக்கினர். 1978இல் பெல் என்பவர் நோயின் கடுமையை மூன்று நிலைகளாக வகுத்தார். 1990இல் இங்கிலாந்தின் லூகாசும் கோலும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, புட்டிப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு இந்நோய் தாய்ப்பால் மட்டுமே குடித்தவற்றைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது என்று அறிவித்தனர். தாய்ப்பால் குடலைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

வடாற்காட்டு மண்ணில் குடலைப் பற்றிய ஆய்வு உலகத் தரத்தில் நடந்தது என்பது இவ்வட்டார மக்களிற் பலரும் அறியாத செய்தி. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் தலைமையில் இயங்கிய வெல்கம் ஆய்வுப் பிரிவு, மாவட்டத்துக் கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்னும் உணவு உறிஞ்சாக் குடல் நோயை 1960களிலிருந்து ஆராய்ந்தது. அப்பிரிவின் ஆய்வாளர்களான மாத்தன் இணையரும் பேக்கரும் அடங்கிய குழு 1975இல் மனித மலத்தில் கொரோனா வைரசை ஒத்த துகள்களை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு லான்செட் இதழில் எழுதியது. பின்னர் ககன்தீப் காங் குழுவினர் அக்கல்லூரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரசின் ஜி10பி11 என்னும் வகை தொடர்ந்து தொற்றிவருவதைக் கண்டறிந்தனர். அதன் மரபணுக்களிற் பல மாடுகளின் ரோட்டாவைரசோடு உறவுடையவை. பச்சிளங்குழந்தைகளின் ரோட்டாவைரஸ் தொற்று நோயே தராது என்ற பொதுக் கருத்துக்கு மாறாக, அவ்வகை வயிற்றுக்கோளாறுகளோடு தொடர்புற்றிருந்தது. இக்குழுவின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இன்னும் நுணுக்கமானது: தாய்ப்பாலிலுள்ள சில சர்க்கரைச் சேர்மங்கள் அந்த வைரசின் தொற்றும் திறனை ஆய்வகச் செல்களில் கூட்டின. காக்கும் பாலே சில நேரங்களில் ஒரு நுண்ணுயிருக்குத் துணைபோகவும் கூடும் என்ற உண்மை, வேலூர்க் குழந்தைகளைப் பற்றிய இந்த ஆய்வின் வழியே வெளிப்பட்டது.

சைட்டோமெகலோவைரசின் கதையில் இதே உண்மை வேறு வடிவில் ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தது. 1960களின் இறுதியிலிருந்து தாய்ப்பாலில் அவ்வைரசு கண்டெடுக்கப்பட்டு வந்தது. 1980இல் அலபாமாவின் ஸ்டாக்னோ குழுவினர் பாலின் வழியே தொற்று நடப்பதை உறுதிசெய்தனர். 2001இல் செருமனியின் டூபிங்கன் நகரில் ஹாம்ப்ரெக்ட் குழுவினர், முன்பே தொற்றுக்கு ஆளான தாய்மார்களில் ஏறத்தாழ அனைவரின் பாலிலும் வைரசு மீண்டும் விழித்தெழுவதையும், அவர்களின் குறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அது தொற்றுவதையும் காட்டினர். நிறைமாதக் குழந்தைக்கு இதனால் பெரும்பாலும் எந்தத் தீங்கும் இல்லை. கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் சென்று சேர்ந்துவிடுகின்றன. அந்த மாதங்கள் நிறையுமுன் பிறந்த குழந்தைக்குத்தான் அந்தக் கவசம் முழுமையாக வாய்ப்பதில்லை.

கவசம் இல்லாத குழந்தையின் குடலில் வைரசு நுழைந்தால் குருதி நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் பருத்து, நாளம் அடைபட்டு, அப்பகுதிக் குடலுக்குக் குருதி குறைகிறது. வயிறு உப்புகிறது, மலத்தில் குருதி வருகிறது, தட்டணுக்கள் குறைகின்றன. படுக்கையருகில் நிற்பவருக்கு இது திசு மாளும் குடல் அழற்சியாகவே தோன்றும். அழற்சி ஆறியபின் குடல் ஓரிடத்தில் சுருங்கித் தழும்பாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. சில வாரங்களோ மாதங்களோ கழித்து அறுவை மருத்துவர் சுருங்கிய பகுதியை வெட்டியெடுக்க, நோயியலாளர் அதில் ரிபெர்ட் கண்ட அதே ஆந்தைக்கண் செல்களைக் காணும்போதுதான் பல குழந்தைகளில் காரணம் வெளிப்பட்டிருக்கிறது. தொற்று கருப்பையிலேயே நேர்ந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிய, பிறந்த மூன்று வாரங்களுக்குள் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ வைரசின் மரபணுவைத் தேட வேண்டும். அந்தக் கெடு கடந்தால் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. கடுமையான நோய்க்குக் கான்சிக்ளோவிர் என்னும் மருந்து உண்டு. அது வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடியதாகையால் எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பதில்லை.

வைரசு பாலில் இருக்கிறது என்ற செய்தி அரைகுறையாகச் செய்யார் வட்டாரத்து வீட்டுக்குள் நுழைந்தால், சீம்பாலைக் கொட்டிய பாட்டியின் வழக்கம் அறிவியலின் பெயரால் உயிர்பெறும் அபாயம் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வதோ அதற்கு நேர் எதிர். சீம்பாலில் இவ்வைரசு அரிதாகவே காணப்படுகிறது. பிறந்த சில நாட்களுக்குப் பின் மெல்லத் தோன்றி, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு மறைகிறது. வழக்கம் கெட்ட பால் என்று கொட்டிய முதல் நாட்களின் பால்தான் எதிர்ப்புப் பொருளில் மிகுந்ததும் வைரசில் குறைந்ததுமாக இருந்திருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகச் சென்று சீம்பாலைக் கொடுக்கச் சொல்லி மன்றாடிய உழைப்பு, பிந்தைய ஆய்வுகளால் இருமடங்கு சரியென்று நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13 என்ற அளவுக்கு இறங்கியதில் அச்செவிலியர்களுக்குரிய பங்கு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

பாலைத் தாய் கொடுக்க இயலாதபோது பிறர் பாலைப் பாதுகாப்பாக்கும் முயற்சியும் இந்தியாவில் பழையதே. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் நிறுவினார். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட தமிழக அரசு மருத்துவமனைகளில் அடுத்த நூற்றாண்டில் இத்தகைய வங்கிகள் அமைந்தன. கொடையாகப் பெற்ற பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்படும்போது சைட்டோமெகலோவைரசு முற்றிலும் அழிகிறது. ஆனால் பாலின் எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியும் அதோடு குறைகிறது. உறைய வைப்பது வைரசின் அளவைக் குறைக்குமே ஒழிய முழுவதும் நீக்காது. மிகச் சிறிய குறைமாதக் குழந்தைக்குச் சொந்தத் தாயின் பாலையும் உறைய வைத்தோ சூடாக்கியோ கொடுக்கும் நாடுகள் சில உண்டு. இந்திய அரசு 2017இல் வெளியிட்ட பாலூட்டல் மேலாண்மை மைய வழிகாட்டுதல்கள், கொடைப் பாலைப் பதப்படுத்தவும், சொந்தத் தாயின் பாலுக்கே முதலிடம் தரவும் வகை செய்தன. குடல் அழற்சியும் பிற நுண்ணுயிர்த் தொற்றும் குழந்தைகளை மாய்க்கும் அளவோடு ஒப்பிட்டால், பால்வழிச் சைட்டோமெகலோவைரசால் வரும் கேடு மிகச் சிறியது. ஆகவே இம்முடிவு இந்நாட்டுக்குப் பொருத்தமானது என்றே கொள்ள வேண்டும்.

சொந்தத் தாயின் பாலுக்கே முதலிடம் என்றால் தாய் குழந்தையின் அருகில் இருக்க வேண்டும். ஆனால் செய்யாரை அடுத்து உருவான சிப்காட் தொழிற்பேட்டையின் காலணித் தொழிற்சாலைகள், தறி வீடுகளின் பெண்களையும் உழவு வீடுகளின் பெண்களையும் ஒருசேரப் பேருந்தில் ஏற்றிச் சென்றன. தூளிக்கும் தறிக்கும் இடையே இருந்த நான்கடி தூரம் பல கிலோமீட்டராக நீண்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பையும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியமையால் அந்தத் தூரத்தின் ஒரு பகுதி ஈடுசெய்யப்பட்டது. குறைமாதக் குழந்தை பல வாரங்கள் மருத்துவமனையில் கிடக்கும்போது, விடுப்பின் பெரும்பகுதி குழந்தை வீடு திரும்புமுன்பே கரைந்துவிடுகிறது என்பதை மட்டும் அச்சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் பாலைப் பிழிந்து கொடுத்துக் காத்திருக்கும் தாய்க்கு அந்த நாட்கள் மகப்பேறு விடுப்பில் சேர்க்கப்படாமல் தனி விடுப்பாக அளிக்கப்பட வேண்டும் என்பதும், வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக் குடல் துண்டும் நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு வைரசுக்காகப் பார்க்கப்பட வேண்டும் என்பதும், மாந்தம் என்ற ஒரே பெயரின் கீழ் கணக்கில்லாமல் போன குழந்தைகளின் வரலாற்றிலிருந்து நேரே எழும் இரண்டு கோரிக்கைகள்.